குறுக்கே கிடந்த குச்சி

அன்று மாலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர். நான். என் மனைவி. என் தம்பியின் மகள். அவள் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை. வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. போட்டவன் நான்.

இதை முதலிலேயே எழுதக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தைப் பற்றி ஊர் ஏற்கெனவே கண், காது, மூக்கு வைத்து நிறையப் பேசிவிட்டது. இன்னும் பேச நான் இடம் கொடுக்கப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நான் குடிப்பவன் அல்ல. கனவு கண்டு உளறுகிறவனும் அல்ல. ஆயுள் முழுக்க நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். ஒரு சாண் பிசகினாலும் கையெழுத்துப் போட மறுத்தவன்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் தீப்பெட்டி கிடையாது. ஒரு முறை சமையலறைத் திரையில் தீப்பிடித்ததிலிருந்து என் மனைவி தீக்குச்சியை வாசற்படி தாண்ட விடுவதில்லை. அடுப்புக்கு லைட்டர். கரண்ட் போனால் டார்ச். புகை பிடிப்பவர் யாரும் இல்லை.

இது முக்கியம்.

எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் மலையைத் தாண்டித்தான் அந்த நெடும்பாதை போகிறது. முழுவதும் நடந்து முடிக்க இரண்டு மாதம் பிடிக்கும். பாறையிலும் மரத்திலும் மஞ்சள் பட்டை தீட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலோர் துண்டு துண்டாகத்தான் நடப்பார்கள். எங்கள் மலைத்துண்டு ஒரு நாள் நடை. விடியும்போது தண்ணீர்த் தொட்டி அருகே ஏறினால், கணவாயைக் கடந்து, இருட்டுவதற்குள் மறுபக்கத்து பஸ் ரோட்டில் இறங்கிவிடலாம்.

மறுநாள் அவர்கள் இருவரும் அதை நடப்பதாக ஏற்பாடு. அதற்குத்தான் மேசையில் வரைபடத்தை விரித்திருந்தேன். நான் போட்ட வரைபடம். நடைச் சங்கத்தார் இன்றும் அதைத்தான் அச்சடித்து விற்கிறார்கள். ஒரு மூலைக்கு உப்பு ஜாடி, ஒரு மூலைக்கு என் கண்ணாடிக் கூடு, மற்ற இரண்டுக்கும் டம்ளர்கள். பாதை எப்படி வளைகிறதோ அப்படியே ஒரு சிவப்பு நூலை அதன்மேல் வைத்துக்கொண்டு வந்தேன். தூரத்தை அப்படித்தான் அளக்க வேண்டும். ஸ்கேலை நேராக வைத்து அளப்பவன் காக்கைக்கு வழி சொல்லலாம், மனிதனுக்குச் சொல்லக் கூடாது.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். மாடிப்படி ஏறுவதையே தொழில் முறையில் எதிர்ப்பவர்.

“இதுல மேல போக பட்டன் எங்க இருக்கு மாமா?”

“ரெண்டு பட்டன் இருக்கு. ஒண்ணு இடது கால், ஒண்ணு வலது கால்,” என்றாள் தம்பி மகள்.

“அதுல ஒண்ணு போன வாரமே சர்வீசுக்கு வந்துடுச்சு.”

என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மலை விஷயத்தில் எனக்கு விளையாட்டு ஆகாது.

“கவனமா கேளுங்க மாப்பிள்ளை. நடுப்பகலுக்குள்ள கணவாயைத் தொடலைன்னா, எங்க இருந்தாலும் திரும்பிடணும். இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு ஆசைப்படக் கூடாது. விசில் கழுத்துல இருக்கணும், பையில இல்ல. மாத்து சாக்ஸ் பிளாஸ்டிக் கவர்ல.”

“சரிங்க மாமா.”

“இங்க, பிரிவுப் பாறை. இந்த இடத்துல பாதை ரெண்டாப் பிரியும். மேல்பாதை முகட்டைச் சுத்திப் போகும். கீழ்ப்பாதை சரிவை நேரா வெட்டிப் போகும். நீங்க கீழ்ப்பாதையில போங்க.”

மாப்பிள்ளை தயங்கினார். “ஒரு வாரமா மழை பெஞ்சிருக்கே மாமா. மேல்பாதை பரவாயில்லையா?”

“கீழ்ப்பாதை,” என்றேன்.

அதற்கும் காரணம் உண்டு. அந்தக் கீழ்ப்பாதையைப் புதர் வெட்டித் திறந்தவன் என் தம்பி. அவன் வழிகாட்டி. இந்த மலையில் மழைமேகம் எந்தப் பக்கம் உட்காரும், எப்போது எழுந்திருக்கும் என்று சொல்லக்கூடியவன். இருபத்தாறு வருடத்துக்கு முன் மூன்று பேரை அழைத்துக்கொண்டு ஏறினான். பிரிவுப் பாறையில் மூடுபனி சூழ்ந்தது. “இங்கயே உட்காருங்க, பாத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுக் கீழ்ப்பாதையில் போனான். வரவில்லை. அந்த மூன்று பேரும் மறுநாள் தாங்களாகவே வழி தேடி இறங்கிவந்தார்கள். நாலு நாள் தேடியும் தம்பியின் சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

ஓடிப்போய்விட்டான் என்றது ஊர். தன் பாதையிலேயே இறங்கி, மறுபக்கம் பஸ் ஏறி, எவளோடோ குடித்தனம் நடத்துகிறான் என்றது. அதற்கு அவர்கள் காட்டிய சாட்சி அவனுடைய கைத்தடி. “தடியைப் பாதையில எறிஞ்சுட்டுப் போனார்” என்று அந்த மூவரும் எழுதிக் கொடுத்தார்கள். ஓடுகிறவனுக்குத் தடி பாரம் என்று விசாரணை அதிகாரி முடிவு கட்டினார்.

எறியவில்லை. குறுக்கே வைத்தான். வழிகாட்டிகளுக்கு அது ஒரு பாஷை. பாதையின் குறுக்கே குச்சி கிடந்தால், இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். ‘நான் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை பின்னால் வராதீர்கள்’ என்று அவன் சொல்லிவிட்டுப் போனதை, இவர்கள் குப்பை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் போய்ச் சொன்னேன். அதிகாரி பேனாவை மூடிக்கொண்டார்.

பிறகு சங்கத்தார் வந்தார்கள். கீழ்ப்பாதையை வரைபடத்திலிருந்தே எடுத்துவிடலாமே, பேர் கெட்டுப்போன பாதை என்றார்கள். என் கை இருக்கும்வரை அந்தக் கோடு இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். தகப்பன் போனபோது இந்தப் பெண்ணுக்கு வயது நான்கு. அவள் அந்தப் பாதையில் தலை நிமிர்ந்து நடந்து மறுபக்கம் இறங்க வேண்டும். ஊர் அதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. அவளுக்கும் இல்லை.

மாப்பிள்ளைக்கு போன் வந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பெண்கள் இருவரும் டீ போட உள்ளே போனார்கள். நான் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டேன்.

வரைபடத்தில் ஒரு தீக்குச்சி கிடந்தது.

பிரிவுப் பாறையை ஒட்டி. கீழ்ப்பாதை தொடங்கும் இடத்தில். கோட்டுக்குக் குறுக்கே.

குனிந்து பார்த்தேன். சாதாரணமாகக் கேட்டேன்.

“மாப்பிள்ளை, நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?”

“ஐயோ, இல்ல மாமா.”

“பிடிச்சா நான் விட்டு வைப்பேனா?” என்றாள் தம்பி மகள் சமையலறையிலிருந்து.

குச்சியை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

என் தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. இதே மேசையில், இதே வரைபடத்தை விரித்துத்தான் அவன் மறுநாள் நடையை யோசிப்பான். போகக் கூடாத பாதைக்கெல்லாம் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வைப்பான். இங்கே பாலம் இல்லை, ஒரு குச்சி. இங்கே தேன்கூடு, ஒரு குச்சி. “மேசையில வைக்கிறது மலையில நினைவிருக்கும்ணே” என்பான். இது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரியும். அவள் இப்படியெல்லாம் விளையாட மாட்டாள்.

டீ வந்தது. குடித்தோம். நான் நூலை எடுத்து மறுபடி கீழ்ப்பாதையின்மேல் வைத்தேன். பாதி தூரம் அளந்தபோது என் மனைவி கூப்பிட்டாள்.

“என்னங்க, வாசல்ல யாரோ நிக்கிற மாதிரி இல்ல?”

போய்ப் பார்த்தேன். தாழ் போட்டபடி இருந்தது. திறந்தேன். யாரும் இல்லை. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஈரக் கம்பளியின் வாசனை மட்டும் லேசாக... யாரோ நனைந்த ஸ்வெட்டரோடு இப்போதுதான் அந்த இடத்தைக் கடந்து போனதுபோல.

கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

மேசையில் நூல் இடம் மாறியிருந்தது.

நான் கீழ்ப்பாதையில் வைத்த நூல், இப்போது மேல்பாதையின் வளைவுகளில் கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் பிசகாமல். நான் வைத்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வைத்திருக்க மாட்டேன்.

கீழ்ப்பாதையின் குறுக்கே இன்னொரு தீக்குச்சி.

“யாரு இதைத் தொட்டது?”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பெண்கள் கூடத்தில் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்.

“நான் இந்தப் பக்கமே வரலையே பெரியப்பா,” என்றாள் அவள்.

குச்சியைத் தொட்டேன். ஈரம். அது கிடந்த இடத்தில் காகிதம் ஊறி உப்பியிருந்தது. தலை பச்சை நிறம். பச்சைத் தலைக் குச்சியை நான் கடையில் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

அப்போதும் நான் வளையவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். யாரோ நம் குடும்பத்தோடு விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தக் குச்சியையும் எறிந்தேன். நூலைச் சுருட்டினேன். நாற்காலியை மேசையை ஒட்டி இழுத்துப் போட்டு, வரைபடத்தின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை அழுத்தி உட்கார்ந்தேன். முதுகை நாற்காலியில் சாய்க்கவில்லை. எவன் வந்து வைக்கிறான் என்று பார்த்துவிடலாம்.

“கீழ்ப்பாதைதான்,” என்று சத்தமாகச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

கூடத்தில் மாப்பிள்ளை ஏதோ சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். நான் கண்ணை எடுக்கவில்லை. பிரிவுப் பாறை. இரண்டு கோடுகள். என் பத்து விரல்கள்.

கூடத்துச் சத்தம் மெல்லத் தேய்ந்தது. அவர்கள் பேசுவதை நிறுத்தவில்லை. என் காதுக்குத்தான் தூரமாகிப் போனது...

குளிர்ந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனாலும் விரல்நுனி மரத்தது.

டொக்... டொக்.

வாசற்படியில். பூட்ஸ் சேற்றைத் தட்டும் சத்தம். முதலில் ஒன்று, பிறகு ஒன்று. எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

ஈரக் கம்பளி வாசனை. இப்போது லேசாக இல்லை.

என் மூக்குக் கண்ணாடியில் பனி படர்ந்தது. இரண்டு கண்ணிலும். முழுவதும் வெள்ளை. கழற்றினால் கையை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை.

என் வலது தோளுக்குப் பக்கத்தில்... மூச்சு.

மலை ஏறி வந்தவனின் மூச்சு.

புறங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

இன்னொரு சொட்டு.

காகிதத்தில் ஏதோ வைக்கும் சத்தம். மிக மெல்லிய ‘டிக்’.

கத்தியிருக்கலாம். எழுந்து ஓடியிருக்கலாம். என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

“மழையில வந்தா காலைத் துடைச்சுட்டு வரணும்னு எத்தனை தடவைடா சொல்றது?”

மூச்சு நின்றது.

பிறகு வாசல் பக்கம்... சரக், சரக்.

மிதியடியில் காலைத் தேய்க்கும் சத்தம்.

அப்புறம் ஒன்றும் இல்லை.

கண்ணாடி தானாகத் தெளிந்தது. என் இரண்டு கைக்கும் நடுவில், கீழ்ப்பாதையின் குறுக்கே, பச்சைத் தலைத் தீக்குச்சி. இந்த முறை நான் அதைத் தொடவில்லை.

கூடத்துக்குப் போனேன். 

“நாளைக்கு மேல்பாதையில போங்க.”

தம்பி மகள் பையை அப்படியே வைத்தாள். “என்ன பெரியப்பா இது? நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து அப்பா பாதை, அப்பா பாதைன்னு சொன்னது நீங்கதானே?”

“நான்தான்.”

“அதுல நடக்கணும்னுதானே லீவு போட்டு வந்திருக்கேன். ஊர் பேசறதுக்குப் பயந்துட்டீங்களா?”

யாரும் என்னிடம் கேட்கத் துணியாத கேள்வி. அவள் தகப்பனின் மகள்.

“ஊருக்கு நான் என்னைக்குப் பயந்திருக்கேன்?”

“அப்புறம் ஏன்?”

“உங்க அப்பாதான் வேண்டாங்கறான்.”

மாப்பிள்ளை ஷூவைக் கீழே வைத்தார்.  என் மனைவி எழுந்து வாசல் பக்கம் போனாள். குனிந்து மிதியடியைத் தொட்டாள். விரலை விளக்கில் காட்டினாள்.

ஈரம். செம்மண்.

“மேல்பாதையிலயே போங்கம்மா,” என்றாள் அவளிடம். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடியும்போது இருவரும் கிளம்பினார்கள். அவள் என்னிடம் சரியாக முகம் கொடுக்கவில்லை. நானும் வாசலில் நின்று கை அசைக்கிற ரகம் இல்லை. இருட்டில் அவர்கள் டார்ச் திருப்பத்தில் மறையும்வரை ஜன்னலில் நின்றேன். பெரியப்பா சொன்னதைக் கேட்பாளா, தகப்பன் பாதை என்று போய்விடுவாளா... அதுதான் கவலை. நானே இத்தனை வருடம் ஊட்டி வளர்த்த பிடிவாதம்.

காலை பத்து மணி இருக்கும். மலைப்பக்கமிருந்து ஒரு சத்தம். இடி என்றுதான் முதலில் நினைத்தேன். இடி முடியும். இது முடியாமல் உருண்டுகொண்டே இருந்தது. டம்ளரில் தண்ணீர் அதிர்ந்தது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாண மேடைக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை. 

போன் போட்டேன். கிடைக்கவில்லை. மறுபடி. கிடைக்கவில்லை.

வெகு நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். முகட்டில் ஒரே ஓர் இடத்தில் சிக்னல் கிடைக்கும்.

“பெரியப்பா... கீழ்ப்பாதை இல்ல.”

“என்னம்மா?”

“இல்ல பெரியப்பா. மொத்தச் சரிவும் கீழ போயிடுச்சு. எங்க கண் முன்னால. நாங்க மேல நிக்கிறோம்.”

“ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?”

“இருக்கோம்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “உங்க கிட்ட பொய் சொல்ல மாட்டேன். நான் கீழ்ப்பாதையிலதான் போறதா இருந்தேன். இவர்கிட்ட சண்டை போட்டுட்டு, பிரிவுப் பாறையில முதல் அடி வைக்கவும் செஞ்சேன். ஒரே பனி. கால்ல ஏதோ தட்டுச்சு. பாத்தா பாதைக்குக் குறுக்கே ஒரு தடி.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“நீளத் தடி. அடியில பித்தளைப் பூண். பூணுக்கு மேல மூணு வெட்டு வெட்டியிருக்கு. அதைப் பாத்ததும் எனக்கு என்னமோ... காலை எடுத்துட்டேன். நேத்து நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. எடுக்கல, அப்படியே விட்டுட்டு மேல ஏறிட்டோம். பெரியப்பா? லைன்ல இருக்கீங்களா?”

“பாத்துப் போங்க,” என்று சொல்லி போனை வைத்தேன்.

நினைவு தெரிந்து அந்தத் தடியை அவள் பார்த்ததே கிடையாது. விசாரணை முடிந்து, துணியில் சுற்றி, என்னிடம் திருப்பிக் கொடுத்த தடி அது. என் படுக்கையறை பீரோவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதைப் பற்றி அவளிடம் பேசியதும் இல்லை. மூன்று வெட்டும் தம்பி தன் கையால் வெட்டியது.

பீரோவை நகர்த்தினேன்.

தடி அங்கேதான் இருந்தது. துணி சுற்றியபடி. கட்டிய முடிச்சு அவிழாமல்.

துணியின் அடிப்பக்கம் நனைந்திருந்தது.

பிரித்தேன். பித்தளைப் பூண் முழுக்கச் செம்மண். காயாத செம்மண்.

மூன்று வாரம் கழித்து, சரிந்த மண்ணை அகற்றிப் பாதையைச் சீர்செய்யப் போன வேலையாட்கள் சரிவுக்குக் கீழே ஓடும் ஓடையில் எலும்புகளைக் கண்டார்கள். புது மண் பழைய மண்ணையும் புரட்டிப் போட்டிருந்தது. பூட்ஸ், இடுப்பு பெல்ட்டின் கொக்கி, மெழுகு வைத்து அடைத்த ஒரு தகர டப்பி. அடையாளம் காட்ட நான்தான் போனேன். பிரிவுப் பாறையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. அவன் போய்ப் பார்த்திருக்கிறான். காலடியில் பாதை உடைந்திருக்கிறது. அவ்வளவுதான். பஸ்ஸும் இல்லை, எவளும் இல்லை.

டப்பியை என் முன்னால்தான் திறந்தார்கள். மெழுகு உடையாமல் இருந்தது. உள்ளே தீக்குச்சிகள். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

எல்லாம் பச்சைத் தலை.

வரைபடத்தில் கீழ்ப்பாதையை நான் அழிக்கவில்லை. அதன் தொடக்கத்தில் குறுக்கே ஒரு சிறு கோடு மட்டும் போட்டுக் கொடுத்தேன். அடுத்த அச்சில் அப்படித்தான் வந்திருக்கிறது. மேசையில் கடைசியாகக் கிடந்த குச்சி என்னிடம்தான் இருக்கிறது. அதை மட்டும் என் மனைவி வீட்டுக்குள் வைத்திருக்க விட்டாள்.

தம்பி ஓடிப்போனான் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. வேறு பேச்சு கிளம்பியிருக்கிறது. எங்கள் வீட்டில் பேய் நடமாடுகிறதாம், அன்று மாலை மேசைக்கே பேய் வந்ததாம்.

தவறு. வந்தவன் என் தம்பி. சொன்னதும் காலைத் துடைத்துக்கொண்டான்.